அதே 1872-ல இன்னொண்ணும் நடந்துச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துப் பயணக் கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நாங்க இதே ஓரிகன்ல ஹில்ஸ்பரோல இருக்கோம். இங்க வர்ற நம்ம ஆளுங்க மல்ட்னோமா அருவி, கிரேட்டர் லேக் பாத்துட்டு திரும்பிடுவாங்க, தென்கிழக்குல இருக்கற ஹார்னி கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வரைக்கும் போயி எழுதினதுக்கே கட்டுரை எழுதினவருக்கு பெரிய நன்றி. தமிழ்நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு பரப்பு, ஆனா மொத்தமே ஏழாயிரத்து ஐநூறு பேர் மாதிரிதான் இருக்காங்க, மத்தபடி கண்ணுக்கு எட்டுன வரைக்கும் சேஜ்பிரஷ் புதரும் மாடும்தான்.

ஆனா அங்க பெரிய மாட்டுப்பண்ணை வச்சிருந்த பீட் ஃபிரெஞ்ச் 1872-ல யாருமே இல்லாத பூமிக்கு மாட்ட ஓட்டிக்கிட்டு வந்தார்னு எழுதியிருந்ததுதான் மனசுக்கு ஒப்பல. கலிஃபோர்னியாலேர்ந்து 1,200 மாடும் கூட சில மெக்சிகன் வக்கேரோக்களுமா (மாடு மேய்க்கறவங்க) அவர் வந்தது உண்மை. அதே 1872-லதான் அதிபர் கிராண்ட் அங்க மல்ஹூர் ரிசர்வேஷன்னு பையூட்ங்கிற பூர்வகுடி மக்களுக்கு நிலம் ஒதுக்கி உத்தரவு போட்டார். ஆளே இல்லாத இடத்துல யாருக்குங்க நிலம் ஒதுக்குவாங்க? வாடாங்கிற செடியோட விதைய சேகரிச்சு சாப்பிட்டதால வாடாட்டிகான்னு பேரு அவங்களுக்கு, காலங்காலமா அங்க இருக்கற மல்ஹூர் ஏரிக்கரையிலயே வாழ்ந்தவங்க. 1878-ல பேனக்குங்கிற இன்னொரு பூர்வகுடியும் பையூட்ல சிலரும் அமெரிக்க ராணுவத்தோட மோதின பேனக் போர் வந்துச்சு, அது முடிஞ்சதும் சண்டையில கலந்துக்காத குடும்பங்களையும் சேத்து ஐநூறு பேருக்கு மேல 1879 ஜனவரி பனியில வாஷிங்டன் பக்கம் யாகிமாவுக்கு ஓட்டிட்டு போனாங்க, வழியிலயே கொழந்தைங்க செத்திருக்கு. அப்புறம் அந்த ரிசர்வேஷனையே கலைச்சு மத்தவங்களுக்கு திறந்து விட்டுட்டாங்க. இன்னைக்கு பர்ன்ஸ் ஊரு பக்கத்துல அவங்க ரிசர்வேஷன்னு இருக்கறது ஆயிரம் ஏக்கர் கூட கிடையாது.

இதெல்லாம் சொல்றதால கட்டுரையில வந்த, ஃபிரெஞ்ச் குதிரைங்களுக்காக கட்டின அந்த வட்டக் கொட்டகையோட பெருமை சின்னதா ஆயிடும்னு நான் நினைக்கல. நாங்க அதுக்குள்ள போயி நின்னோம். நூறு அடி குறுக்களவு, நடுவுல கல்லால வட்டமா ஒரு சுவர், அதுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவுல குதிரைங்க சுத்தி ஓட ஒரு பாதை. குளிர்காலத்துல வெளிய பனி கொட்டும்போது உள்ளயே குதிரைய பழக்கியிருக்காங்க. நடுத்தூண் ஜூனிபர் மரம், இழைச்சு நேராக்காம மரம் எப்படி வளந்துச்சோ அப்படியே முறுக்கோட நட்டிருக்காங்க, மேல பாத்தா குடைக்கம்பி மாதிரி கட்டைங்க விரிஞ்சு போகுது. என் பொண்ணு அந்த பாதையில ரெண்டு சுத்து ஓடிட்டு வந்து தூண கையால தடவிப் பாத்துக்கிட்டே இருந்தா, கூப்பிட்டும் வரல. அத கட்டினது வக்கேரோங்களோட கைவேலையும்தான், கட்டுரையில அவங்களுக்கும் ஒரு வார்த்த குடுத்திருக்கலாம்.

இன்னொண்ணு, ஃபிரெஞ்ச் சுடப்பட்டத ஏதோ திருட்டுத் தகராறு மாதிரி எழுதியிருந்தாங்க. அப்படி இல்ல. லட்சம் ஏக்கருக்கு மேல அவர் கம்பெனி கையில இருந்துச்சு, பின்னாடி குடியேறின சின்ன விவசாயிங்களுக்கும் அவருக்கும் ஏரிக்கரை நிலத்துக்காக வருஷக்கணக்கா கோர்ட்டு கேஸுன்னு நடந்துச்சு. எட் ஆலிவர்ங்கிறவர் அதுல ஒருத்தர், தன் நிலத்துக்கு போக வர ஃபிரெஞ்ச் நிலத்து வழியா பாதை வேணும்னு அவருக்கு சண்டை. 1897 டிசம்பர் 26 அன்னைக்கு சுட்டுட்டார். பர்ன்ஸ்ல நடந்த விசாரணையில ஜூரி அவர விடுதலை பண்ணிடுச்சு, அந்த ஊர் மனசு யார் பக்கம்னு அதுலயே தெரியுது.

அடுத்த பகுதி வர்றதா போட்டிருந்தீங்க. அதுல வாடாட்டிகா மக்களப் பத்தி ஒரு பத்தியாவது சேக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்த சாரா வின்னமக்கா 1883-லயே தன் ஜனங்களுக்கு நடந்தத புத்தகமா எழுதி வச்சிருக்காங்க, அந்தம்மா பேர் தமிழ்ல ஒரு தடவயாவது அச்சுல வரட்டும். போறவங்களுக்காக இதையும் போடுங்க: பர்ன்ஸ்லயே பெட்ரோல் நிரப்பிக்கணும், தெக்கால போனா ரொம்ப தூரத்துக்கு பங்க் கிடைக்கறது கஷ்டம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹில்ஸ்பரோ, ஓரிகன்