குரோம்வெல் தலை போனது கல்யாணத்தாலா?

அன்புள்ள மூர்த்தி,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு வேண்டிய மட்டும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். 

உன் கடிதத்தில் ஒரு வரிதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஜெர்மன் சீமைப் பெண் கிளீவ்ஸ் ஆனைத் தனக்குக் கட்டிவைத்ததால்தான் இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி தன் தலைமை மந்திரி தாமஸ் குரோம்வெல்லின் தலையை எடுத்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாய். தேதியைப் பார்த்தாயா? கல்யாணம் 1540 ஜனவரி 6. பெண்ணைப் பிடிக்கவில்லை என்று ராஜா அப்போதே புலம்பியாயிற்று. ஆனாலும் ஏப்ரல் 18-ல் குரோம்வெல்லை எசெக்ஸ் பிரபு ஆக்கினான். கோபத்தில் இருப்பவன் பட்டம் கொடுப்பானா? கல்யாணம் எதிரிகளுக்கு வழிவிட்டது, அவ்வளவே. பிஷப் கார்டினர் ஒரு பக்கம், நார்ஃபோக் பிரபு மறுபக்கம். நார்ஃபோக்கிடம் தம்பி மகள் கேத்தரின் ஹோவர்டு வேறு தயாராக இருந்தாள்.

ஜூன் 10 அன்று ஆலோசனை சபையிலேயே கைது. மனிதர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அவர் கழுத்தில் தொங்கிய செயின்ட் ஜார்ஜ் பதக்கத்தை நார்ஃபோக் தன் கையாலேயே பிடுங்கினான்.

இனிதான் விஷயமே. வழக்கு நடத்தினால் மற்ற பிரபுக்கள் முன் நிறுத்த வேண்டும், அவரையும் பேசவிட வேண்டும். பேசினால் பாதிக் குற்றச்சாட்டுக்கு "ராஜா சொல்லித்தான் செய்தேன்" என்றுதான் பதில் வரும். அதனால் அட்டெயிண்டர் மசோதா: பார்லிமென்டின் இரு சபைகளிலும் நிறைவேற்றி ராஜா சம்மதித்தால் போதும். விசாரணையே இல்லாமல் உயிரும் சொத்தும் போய்விடும். ராஜத்துரோகம், மதத்துரோகம் இரண்டையும் அதில் எழுதி ஜூன் 29-க்குள் முடித்துவிட்டார்கள். 1539-ல் சாலிஸ்பரி சீமாட்டி மார்கரெட் போலை இதே வழியில் மாட்டிவிட்டவர் யார் தெரியுமோ? சாட்சாத் குரோம்வெல்தான்!

அப்புறமும் ஒரு மாதம் உயிரோடு வைத்திருந்தது கருணையால் இல்லை. கல்யாணத்தை ரத்து செய்ய ஒரு சாட்சி வேண்டியிருந்தது. முதலிரவுக்கு மறுநாள் காலை ராஜா தன்னிடம் என்ன சொன்னான் என்பதைச் சிறையிலிருந்து எழுதிக் கொடுத்தார். அதே கடிதத்தைக் "கருணை, கருணை, கருணை" என்று முடித்தார். ஜூலை 9-ல் கல்யாணம் ரத்து. ஜூலை 28-ல் டவர் ஹில்லில் தலை போயிற்று. அதே நாளில் ராஜா கேத்தரினைக் கட்டிக்கொண்டான்.

மறு வருஷம் மார்ச்சில், தனக்கு வாய்த்த மிக விசுவாசமான ஊழியனைப் பொய் சொல்லிக் கொல்ல வைத்துவிட்டார்கள் என்று ராஜா மந்திரிகள் மேல் பாய்ந்ததாகப் பிரெஞ்சுத் தூதர் எழுதியிருக்கிறார். மசோதாவுக்குச் சம்மதம் கொடுத்தது யாராம்?

கார்டினருக்கு வக்காலத்து வாங்குவதென்றால் தேதியோடு எழுது. ஹென்றியின் பழைய மந்திரி வோல்சியை இதில் இழுக்காதே, அது தனி வழக்கு.

உன்,
ரங்கன்