சாப்பாட்டு நேரத்தைப் பிரித்த கதை

கோவை,
14.7.2024

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிளைப் பொறுப்பை ஏற்ற எட்டு மாதங்களுக்குள் 12 பேர் ராஜினாமா செய்துவிட்டார்கள் என்றும், அவர்களில் பாதிப் பேர் சம்பளத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாய். நூற்பாலையில் 31 வருடம் போகிறவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தவன் என்பதால் என்னிடம் காரணம் கேட்கிறாய். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுக்கு நானே பொறுப்பாளி.

கேண்டீனில் இடம் போதவில்லை என்று ஒரு சமயம் பகல் ஷிப்டின் சாப்பாட்டு நேரத்தை மூன்றாகப் பிரித்தோம். அந்த உத்தரவைத் தயாரித்தவன் நான். அரை மணி நேரம் அரை மணி நேரமாகவே இருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். ஆனால் வருடக்கணக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி குழம்பை இன்னொருத்தி தூக்கில் ஊற்றிச் சாப்பிட்டுவந்த பெண்கள் மூன்று பக்கமாகச் சிதறிப்போனார்கள். சில மாதங்களில், நன்றாக வேலை தெரிந்தவர்களே ஒவ்வொருவராக விலகத் தொடங்கினார்கள். எல்லோருடைய கடிதத்திலும் 'குடும்பச் சூழ்நிலை' என்றுதான் இருந்தது. பி.எஃப். படிவத்தில் கையெழுத்திட வந்த ஒரு அம்மாள் மட்டும், "சோத்துக்கு உக்காந்தா பேச ஆளில்லீங்க சார்" என்றார்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1951இல் எழுதிய ஆய்வைப் பின்னாளில் படித்தபோது அந்த அம்மாளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பாம்ஃபோர்த் சுரங்கத் தொழிலாளியாகவே இருந்தவர். பழைய முறையில் ஆட்கள் தங்கள் கூட்டாளியைத் தாங்களே தேர்ந்துகொண்டு இரண்டு மூன்று பேராக வேலை செய்தார்கள்; கூட்டாளி அடிபட்டாலோ இறந்தாலோ அவர் குடும்பத்தைக் கவனித்துக்கொள்வதும் உண்டு. இயந்திரம் வந்த பிறகு சுமார் 40 பேர் மூன்று ஷிப்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு ஷிப்டின் முகத்தை மறு ஷிப்டு பார்க்காத நிலை வந்தது. அடுத்த ஷிப்டின்மேல் பழிபோடுவதும் வேலைக்கு வராமல் நின்றுவிடுவதும் அங்கே வழக்கமாயின. அறுந்துபோன உறவுக்குப் புது இயந்திரம் ஈடுகட்டவில்லை.

உன் தொழிலுக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. அமெரிக்க வங்கி ஒன்றின் கால் சென்டரில், அந்நாட்டு எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அலெக்ஸ் பென்ட்லண்ட் யோசனை சொல்லி, ஒரே குழுவினர் எல்லோரும் ஒரே நேரத்தில் காபி இடைவேளைக்குப் போகும்படி மாற்றினார்கள். பின்தங்கியிருந்த குழுக்களில், ஓர் அழைப்பைப் பேசி முடிக்க ஆகும் நேரம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கஷ்டமான வாடிக்கையாளரைச் சமாளிக்கும் வித்தையை ஒருவரிடமிருந்து ஒருவர் இடைவேளையில்தானே கற்றுக்கொள்ள முடியும்?

ஆகவே, நீ திட்டமிட்டிருக்கும் ஆண்டு விழாவையும் ரிசார்ட் பயணத்தையும் கொஞ்சம் தள்ளிவை. ஒரு நாள் கூடிப் பாட்டுப்பாடி விட்டு மறுநாள் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வதில் பயனில்லை. தினமும் பத்து நிமிடம், அதுவும் வேலையை ஒட்டி, யாரும் ஏற்பாடு செய்யாததுபோல் கிடைக்க வேண்டும். புதிதாகச் சேர்பவரை முதல் வாரம் யார் சாப்பிடக் கூட்டிப்போவது என்பதையும், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஒரு குழுவாக ஒரே நாளில் அலுவலகம் வருவதையும் நீயே கவனித்துக்கொள். அவரவர் வசதிப்படி வெவ்வேறு நாளில் வந்தால் காலி நாற்காலிகளைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதைச் சாக்கிட்டுச் சம்பள உயர்வை நிறுத்தி விடாதே. அடுத்த தெருவில் ஐயாயிரம் அதிகம் என்றால் நட்பு எத்தனை நாள் தாங்கும்? தவிர, ஒட்டிக்கொண்ட கூட்டத்தில் ஒருவர் போனால் பின்னாலேயே நான்கு பேர் போவதையும் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தும், ஒரு நாள் வராவிட்டால் 'ஏன் வரவில்லை?' என்று கேட்க ஓர் ஆள் இருப்பவர் சுலபத்தில் விலகுவதில்லை என்பதே என் அனுபவம். அந்தக் கேள்வியை சூப்பர்வைசர் கேட்டால் அது விசாரணையாகிவிடும்.

அடுத்த கடிதத்தில், விலகிய அந்த 12 பேரும் மதியம் யாருடன் சாப்பிட்டார்கள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் மணி