நீ விருந்தில் தின்றது அட்டை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. மழையும் காய்ச்சலுமாகக் கிடந்ததில் பதில் எழுதச் சுணங்கிவிட்டது, குறை நினைக்காதே. உன் சீனச் சம்பந்தி வீட்டு விருந்துக் கதையை மனிசிக்கும் வாசித்துக் காட்டினேன். காளானோடு கறுப்பாக, வழுவழுவென்று ஏதோ வந்ததையும், பக்கத்தில் இருந்த கிழவர் தானே எடுத்து உன் தட்டில் வைத்ததையும் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்திவிட்டது. அது கடலட்டைதான் மச்சான். பாசையூர்க் கரையில் காலில் பட்டால் துள்ளிக்கொண்டு ஓடுவாயே, அந்தச் சாதிதான்.

அந்தக் கிழவர் உனக்குச் செய்தது சின்ன மரியாதை இல்லை. சீனர் அதற்கு வைத்திருக்கும் பெயரே கடலின் ஜின்செங், அதாவது கடலில் கிடைக்கிற மருந்துவேர், என்ற பொருளில்தான். கல்யாணத்துக்கும் புதுவருடத்துக்கும் பரிமாறுவார்கள். உடம்புக்கு மருந்து, வீட்டுக்குக் கௌரவம். யப்பானில் ஒரு பழங்கதை உண்டு. தேவகுமாரனுக்கு ஊழியம் செய்வீர்களா என்று ஒரு பெண்தெய்வம் மீன்களையெல்லாம் கூட்டிக் கேட்டாளாம். எல்லாம் ஓம் என்றன. அட்டை மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் கத்தியை எடுத்து அதன் வாயைக் கீறிவிட்டாள், அதுதான் இன்றைக்கும் பிளந்து கிடக்கிறதாம். எனக்கென்னவோ நியாயம் அட்டையின் பக்கம் இருப்பதாகத்தான் படுகிறது.

என் பெரியப்பா அட்டை பிடிக்கப் போனவர், ஞாபகம் இருக்கிறதா? பகலில் வெள்ளை அட்டை மணலுக்குள் புதைந்துகொள்ளும், இருட்டினால்தான் மேய வெளிவரும். அதனால் இரவில் லைற்றோடு இறங்குவார்கள். கரைக்கு வந்ததும் குடலை எடுத்து அவித்து, மணலில் குழி தோண்டிப் புதைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள். மேலே இருக்கிற சுண்ணாம்புத் தோல் இளக வேண்டும். மறுநாள் தோண்டி எடுத்துக் காலால் மிதித்துத் தேய்த்து, கழுவி, திரும்ப அவித்து வெயிலில் போடுவது. வாடிப் பக்கம் போகவே முடியாத நாற்றம்! காய்ந்தபின் பத்தில் ஒரு பங்கும் தேறாது. கறுத்த விறகுக் கட்டை மாதிரி இருக்கும். அதை இவ்வளவு பாடுபட்டுக் கப்பலேற்றியவர்கள் ஒரு துண்டைக்கூடச் சட்டியில் போட்டதில்லை.

பெயரால்தான் அதற்குக் கேடு என்று நினைக்கிறேன். இரத்தம் குடிக்கிற அட்டைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, அது நட்சத்திரமீனின் சொந்தம். மணலைத் தின்று, அதில் உள்ள அழுக்கைச் சாப்பிட்டு, மணலைத் திரும்பப் பின்வாசல் வழியாக விடும். மூச்சு விடுவதும் அந்த வழிதான். சில அட்டைகளுக்குள் அதே வாசலால் போய்க் குடியிருக்கிற சின்ன மீனும் உண்டு, வாடகை இல்லாமல்.

இப்ப நீ வந்தால் கடலே அடையாளம் தெரியாது. பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவுப் பக்கம் போனால், பூநகரிப் பக்கமும்தான், இடுப்பளவு தண்ணீரில் தடி நட்டு வலை அடைத்து அட்டை வளர்க்கிறார்கள். இரவில் காவல் கொட்டில்களின் வெளிச்சம் ஒரு சின்னப் பட்டணம் மாதிரி. 2022இல், நாடு டொலருக்கு அலைந்த நேரம், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அரியாலையில் சீன முதலீட்டில் அட்டைக் குஞ்சு பொரிக்கிற இடம் வந்தபோது நடந்த வாய்ச்சண்டைகளை நீ பேப்பரில் பார்த்திருப்பாய்.

என் தங்கையின் மகனும் ஒரு ஏக்கர் போட்டிருக்கிறான். கடலில் பிறந்ததை அள்ளி முடிப்பதைவிட வளர்த்து விற்பது நல்லதுதானே மாமா என்கிறான். அதுவும் சரிதான். அக்கரையில், இந்தியாவில், 2001இலேயே அட்டை பிடிக்கத் தடை போட்டுவிட்டார்கள், புலிக்குள்ள அதே பாதுகாப்பை அன்றைக்கே கொடுத்தார்கள். கடல் எல்லைக்கு இந்தப் பக்கம் அது ஏற்றுமதிச் சரக்கு. ஆனால் அவனுடைய வேலிக்குப் பக்கத்தில் சிறகுவலை கட்டுகிற கிழவர் ஒருவர், நண்டும் இறாலும் வருகிற வழியை அடைத்துவிட்டாய் என்று அவனோடு கதைப்பதில்லை. நான் இரண்டு பேர் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கிறேன். கேட்டால் கிழவர் பக்கம் சாய்வேன், அவனிடம் சொல்லிவிடாதே. வளர்ப்பதில் எனக்குக் கோபமில்லை. எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்த தண்ணீரில் வேலி எங்கே வருமென்று அதிலே தொழில் செய்தவனைக் கேட்காமல் தடி நடுவதுதான் பிடிக்கவில்லை.

ஆவணியில் நல்லூருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். திருவிழா முடிந்தபின் ஒரு நாள் ஒதுக்கு, மருமகனின் வள்ளத்தில் போய்ப் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்று எழுது. அவனும் கேட்கிறான், கிழவரும் கேட்கிறார், இங்கே ஒருவருக்கும் தெரியாது: அது என்ன ருசி?

அன்புடன்,
உன் வாங்குத் தோழன்