நம்ம வட்டார இளையர் நடை, பேட்மிண்டன் குழு: செயலாளர் ஆண்டறிக்கை 2024/2025

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப இழுத்துடுச்சுன்னு தலைவர் அண்ணன் சொன்னாரு, அதனால கணக்கு, கோர்ட் புக்கிங் எல்லாம் கடைசில ரெண்டு வரில முடிச்சுடறேன். இந்த வருஷம் கமிட்டில உக்காந்தாலே பேச்சு ஒன்னுலதான் போய் நின்னுச்சு, வெயிட் போட்டிய ஏன் நிறுத்தினீங்கன்னு.

புதுசா சேந்தவங்களுக்காக சொல்லிடறேன். பொங்கல் முடிஞ்சதும் எல்லாரையும் எடை மிஷின்ல ஏத்தி எழுதி வச்சுக்குவோம், மூணு மாசம் கழிச்சு திரும்ப ஏத்துவோம், யாரு அதிகமா குறைச்சாங்களோ அவங்களுக்கு சூப்பர்மார்க்கெட் வவுச்சர். புளோக் கீழ்த்தளத்துல, அதான் வாய்ட் டெக்ல, அந்த மிஷின் பக்கத்துல உக்காந்து பேர் எழுதினவங்களுக்குத்தான் தெரியும் அந்தக் கூத்து. ஒரு தம்பி ஷூவ கழட்டுவான், அப்புறம் வாட்ச், அப்புறம் போன், சாவி, பஸ், ரயிலுக்கான ஈசிலிங்க் கார்டு வரைக்கும் எடுத்து பெஞ்சுல அடுக்கிட்டு மூச்ச இழுத்து புடிச்சுக்கிட்டு ஏறுவான், மூச்ச புடிச்சா எடை குறையாதுடான்னு சொன்னாலும் கேக்க மாட்டான். இது ஒரு பக்கம் சிரிப்புதான். ஆனா மிஷின் வெளிய வர்ற வாரம் மட்டும் சில பொண்ணுங்களுக்கு கரெக்டா வேற வேலை வந்துடும். போட்டி முடிஞ்ச அடுத்த சனிக்கிழமை பாதி பேர காணோம், தீபாவளிக்குள்ள போன எடை எல்லாம் பத்திரமா வீடு திரும்பிடும்.

நிறுத்தணும்னு முதல்ல கைய தூக்குனது கமிட்டில இருக்கற ஒரு அக்கா. 1992ல இருந்து 2007 வரைக்கும் சிங்கப்பூர் ஸ்கூல்ல டாஃப்னு (Trim and Fit) ஒரு திட்டம் இருந்துச்சு, எடை கூடுன பிள்ளைங்களுக்கு தனியா எக்ஸ்ட்ரா உடற்பயிற்சி, மத்த பிள்ளைங்க அத வேடிக்கை பாத்துக்கிட்டு போகும். அந்த அக்கா அதுல இருந்தவங்க, இருபது வயசுலயும் நாம ஏன் அதையே செய்யறோம்னு கேட்டாங்க, அதுக்கப்புறம் யாரும் பெருசா எதிர்த்துப் பேசல.

எடை பாக்கலன்னா எதுக்கு எக்சர்சைஸ்னு குரூப் சாட்ல ஒரு கேள்வி சுத்திக்கிட்டே இருக்கு, அதுக்கு இங்கயே பதில் சொல்லிடறேன். எழுபது கிலோ ஆளு அரை மணி நேரம் வேகமா நடந்தா சுமாரா 150 கலோரி எரியும், அவ்ளோதான். நடை முடிஞ்சு காப்பிக்கடைல ரெண்டு பிராட்டா, ஒரு தே தாரிக்னு உக்காந்தா அந்த 150 போன இடம் தெரியாது. ஒரு கிலோ கொழுப்புன்னா தோராயமா 7,700 கலோரி, நீங்களே வகுத்துப் பாத்துக்குங்க. மூணு மாசத்துல நெறைய குறைச்சவங்க நடந்ததால மட்டும் குறைக்கல, ராத்திரி சோத்த விட்டதால குறைச்சாங்க, சோறு திரும்பி வந்ததும் எடையும் வந்துடுச்சு.

அப்ப நடக்கறதுக்கு பலனே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது மூணு மாசத்துல தெரியற பலன் இல்ல. அமெரிக்கால 1985, 86ல கார்டியான்னு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, 18லேந்து 30 வயசு வரைக்கும் உள்ள அஞ்சாயிரத்துக்கும் மேல பேரு, வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாங்க. இருபது வருஷத்துல கிட்டத்தட்ட எல்லாருக்குமே எடை ஏறிச்சு. ஆனா விடாம நல்லா உடம்ப அசைச்சுக்கிட்டே இருந்தவங்களுக்கு, கம்மியா அசைச்சவங்கள விட ஏறுனது கம்மி, ஆம்பளைங்களுக்கு 2.6 கிலோ, பொம்பளைங்களுக்கு 6.1 கிலோ வித்தியாசம். அதாவது விளையாட்டும் நடையும் இருக்கற எடைய வேகமா இறக்கறத விட, ஏறப்போற எடைய புடிச்சு நிறுத்தறதுலதான் கெட்டி. இத எந்த மிஷின்ல ஏத்தி பரிசு குடுக்கறது, சொல்லுங்க.

நம்ம பையன்கள்ட்ட இது கண்ணு முன்னாடி நடக்குது. தேசிய சேவைக்கு கேம்ப்ல இருக்கற வரைக்கும் ஓட்டம், ஓஆர்டி ஆகி சேவை முடிஞ்சதும் டெலிவரி சாப்பாடு, நாற்காலி வேலை, அப்புறம் ராணுவ உடற்தகுதி சோதனையான ஐபிபிடிக்கு கெடு முடியப்போற நேரத்துல மட்டும் புஷ் அப், சிட் அப், 2.4 கிலோமீட்டர்னு ஞாபகம் வந்து நம்ம குழுவுக்கு ஓடி வர்றது. வாங்க, வேணாம்னு சொல்லல. பாஸ் பண்ண மறுவாரமும் வாங்கன்னுதான் சொல்றோம்.

பிஎம்ஐ, அதாவது எடைய உயரத்தோட ஒப்பிடற கணக்கு, அது பத்தியும் ஒரு வார்த்தை. இணையத்துல 25 வரைக்கும் ஓகேன்னு போட்டிருப்பான், நம்ம ஊர்ல 2005லேந்து கணக்கு வேற, 23 வந்தாலே ரிஸ்க் ஆரம்பம், 27.5 வந்தா அதிக ரிஸ்க். 170 செண்டிமீட்டர் உயரம்னா 66.5 கிலோலயே அந்தக் கோடு வந்துடும். அதுவும் இந்தியர்களுக்கு அதே பிஎம்ஐல கொழுப்பு கூட, அதுல வயித்த சுத்தி சேர்றதுதான் ஆபத்து, சக்கரை வியாதி எத்தன வீட்ல இருக்குன்னு இங்க யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்ல. விருப்பம் இருக்கறவங்க வீட்லயே டேப் வச்சு இடுப்ப அளந்துக்குங்க, ஆம்பளைங்க 90 செண்டிமீட்டர், பொம்பளைங்க 80க்குள்ள இருந்தா நல்லது. எங்ககிட்ட நம்பர் சொல்ல வேணாம்.

போட்டிக்கு பதிலா இப்ப வருகைப் பதிவு மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரம் 150லேந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு சொல்லுது, நம்ம சனிக்கிழமை நடை ஒன்றரை மணி நேரம், புதன் ராத்திரி பேட்மிண்டன் ஒரு மணி நேரம், கூட்டுனா கரெக்டா 150. கோர்ட்டுக்கு வெளிய உக்காந்து ரீல்ஸ் பாக்கற நேரம் சேராது, யாருன்னு பேர் சொல்லல. அதோட வாரத்துக்கு ரெண்டு நாளு தசைக்கான பயிற்சியும் வேணும், அது நம்ம அட்டவணைல இன்னும் இல்ல, புளோக் கீழ இருக்கற ஃபிட்னஸ் கார்னர்ல ஆரம்பிக்கலாம்னு பேச்சு.

மத்ததெல்லாம் சுருக்கமா. புக்கிட் தீமா மலைக்கு போனோம், 163 மீட்டர்தான், அதுக்கே பாதி வழில செல்ஃபி பிரேக். மழை, மின்னல் எச்சரிக்கைன்னு சில சனிக்கிழமை நடை கேன்சல் ஆச்சு, அந்த நாள்ல மாடிப்படி ஏறலாம்னு சொன்னா ஆள் வரல. கோர்ட் புக்கிங் வழக்கம் போல போராட்டம். ஷட்டில் விலை ஏறிப்போச்சு, அதனால புதன்கிழமை கட்டணத்த ஏத்தலாமா வேணாமான்னு இன்னைக்கு ஓட்டு எடுக்கறோம். கணக்க பொருளாளர் படிப்பாங்க.

அடுத்த வருஷத்துக்கு துணைச் செயலாளர் பதவி காலியா இருக்கு, புதன் ராத்திரி கோர்ட்ட தொறந்து மூட ரெண்டு பேரும் வேணும். விருப்பம் உள்ளவங்க டீ குடிக்கறதுக்கு முன்னாடியே தலைவர்கிட்ட பேர் குடுத்துடுங்க.