விமானக் கணக்கோடு ஆதாரத்தையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இந்தியா–பாகிஸ்தான் மோதலில் யார் எத்தனை போர் விமானங்களை வீழ்த்தினார்கள் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு நாடுகளும் சொன்ன எண்களைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். எந்த எண்ணுக்கு என்ன ஆதாரம் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது எங்கோ நடக்கிற விஷயம் இல்லை. 2020 ஜனவரியில் இங்குள்ள விமானப்படைத் தளத்துக்கு சுகோய்-30 படைப்பிரிவு வந்தது. அன்றிலிருந்து நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் தலைக்கு மேல் அந்த இரைச்சல் பழகிப்போன ஒன்று. 2025 மே மாதச் சண்டையின்போது எங்கள் ஊர் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்களிலும் விமானக் கணக்கைத் தவிர வேறு பேச்சே இல்லை. இந்திய ரஃபேல் விழுந்து கிடக்கிறது என்று அப்போது சுற்றிய ஒரு படம், 2021-இல் பஞ்சாபின் மோகா மாவட்டத்தில் விபத்தில் விழுந்த மிக்-21. இன்னொன்று 2024 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் அருகே விழுந்த மிக்-29. நம் பக்கமும் குறைவில்லை. கராச்சி துறைமுகமே அழிந்துவிட்டது என்று நம் நாட்டுத் தொலைக்காட்சிகள் இரவெல்லாம் சொல்லின. விடிந்து பார்த்தால் துறைமுகம் அப்படியே இருந்தது.

பழைய படங்களை இப்போது கொஞ்சம் தேடினாலே பிடித்துவிடலாம். பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் ஊதிப்போகும் எண்கள்தான் சிக்கல். 1940 செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போர் முடிந்து ஜெர்மானியர்களின் சொந்தப் பதிவேடுகளைப் பார்த்தபோது அந்த எண் 60-ஐ ஒட்டித்தான் இருந்தது. விமானிகளைக் குறை சொல்ல முடியாது. ஒரே விமானத்தை இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துச் சுட்டிருப்பார்கள், ஒவ்வொருவரும் தன் கணக்கில் எழுதியிருப்பார். புகையோடு மேகத்துக்குள் இறங்கிய விமானம் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறப்பவரால் நின்று பார்த்து எண்ண முடியுமா?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது, வாயால் சொன்ன கணக்குக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. வி.ஏ.ஓ. தோப்புக்குள் வந்தார், விழுந்த மரங்களை எண்ணினார், பட்டா யார் பேரில் என்று பார்த்து எழுதினார். தென்னை மரத்துக்கே இவ்வளவு பார்க்கிறோம். விமானத்துக்கும் அதே மாதிரி பார்க்க வேண்டும். சிதைவு எங்கே கிடக்கிறது? வாலில் எழுதிய எண்ணும், எஞ்சின் பாகத்தில் பொறித்த எண்ணும் படத்தில் தெரிகின்றனவா? விமானி என்ன ஆனார்? சண்டைக்கு முன் வெளியே மாட்டியிருக்கும் எரிபொருள் தொட்டியைக் கழற்றி விடுவது வழக்கம். வயலில் கிடக்கும் அந்த நீள உருளையையே விமானம் என்று படம் பிடித்துப் போட்டுவிடுவார்கள். 1999 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் எஃப்-117-ஐ யூகோஸ்லாவியா வீழ்த்தியதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாளே சிதைவை உலகம் பார்த்தது, இன்றும் அது பெல்கிரேடு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரு நாட்டு விமானங்களும் வானில் மோதிக்கொண்ட 2019 பிப்ரவரி 27-ஐ இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அன்று நாம் ஒரு மிக்-21-ஐ இழந்தோம். விமானி அபிநந்தன் பாகிஸ்தானின் பிடியில் இருந்தார், சிதைவும் கிடந்தது. இதில் பேச்சுக்கே இடமில்லை. பாகிஸ்தான் இரண்டு இந்திய விமானங்கள் என்றது. இரண்டாவதன் சிதைவை யாரும் காட்டவில்லை. இரண்டு விமானிகள் பிடிபட்டார்கள் என்று முதலில் சொல்லி, மாலைக்குள் ஒருவர்தான் என்று மாற்றிக்கொண்டது. சரி, நம் பக்கம்? எஃப்-16 ஒன்றை வீழ்த்தினோம் என்று சொல்லி, ஆம்ராம் ஏவுகணையின் துண்டையும் ரேடார் படங்களையும் காட்டினோம். பாகிஸ்தானிடம் இருந்த விமானங்களில் அந்த ஏவுகணையை ஏவக்கூடியது எஃப்-16 மட்டும்தான். எனவே எஃப்-16-ஐப் பயன்படுத்தவே இல்லை என்று அவர்கள் சொன்னது பொய் என்பதை அந்தத் துண்டு உறுதியாகக் காட்டியது. ஆனால் எஃப்-16 விழுந்தது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. பறந்ததற்கான ஆதாரத்தை விழுந்ததற்கான ஆதாரமாக எத்தனையோ பத்திரிகைகள் எழுதிவிட்டன. மிகவும் வருந்தினேன்.

அதே நாள் காலையில் காஷ்மீரின் பட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து, விமானப்படையினர் ஆறு பேரும் உள்ளூர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். விபத்து என்றுதான் முதலில் செய்தி வந்தது. நம் ஏவுகணையே அதைத் தாக்கிவிட்டது, அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி பகிரங்கமாகச் சொன்னது அக்டோபரில். கணக்குக் கேட்பது ராணுவத்தை அவமதிப்பது என்று சொல்பவர்கள் அந்த ஆறு பேரின் குடும்பங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளை எப்படி இறந்தான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு எல்லோரையும்விட முதலில் உண்டு.

2025 மே மாதக் கணக்கு இன்னும் கடினமானது. இரு தரப்பு விமானங்களும் அவரவர் எல்லைக்குள் இருந்தபடியே தொலைதூர ஏவுகணைகளை வீசின. அடிபட்டது விழுவதும் பெரும்பாலும் அவரவர் மண்ணில்தான். பாகிஸ்தான் ஐந்து என்று ஆரம்பித்து ஆறு என்றது. நம் முப்படைத் தலைமைத் தளபதி மே 31 அன்று சிங்கப்பூரில் இழப்பு இருந்ததை ஒப்புக்கொண்டார். ஆறு என்பதை மறுத்தார், எத்தனை என்று சொல்லவில்லை. தன் பக்கத்துக்கு நோகும் செய்தியை ஒருவர் தானே சொல்லும்போது அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆகஸ்டில் நம் விமானப்படைத் தளபதி, பாகிஸ்தானின் ஐந்து போர் விமானங்களையும் பெரிய விமானம் ஒன்றையும் வீழ்த்தியதாகச் சொன்னார். அந்தப் பெரிய விமானம் சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் அடிக்கப்பட்டது என்றார். அவ்வளவு தூரத்தில் கருவிதான் சாட்சி. பாகிஸ்தான் அதை மறுக்கிறது. அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு பத்திரிகை இன்றைக்கு எழுதக்கூடியது ‘வீழ்த்தியதாகத் தளபதி கூறினார்’ என்பது மட்டுமே. அவர்கள் எண்ணுக்கு ‘கூறுகிறது’, நம் எண்ணுக்கு ‘வீழ்த்தியது’ என்று தங்கள் கட்டுரை எழுதியிருந்தது. அது சரியில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். இனி இப்படி எண் போடும்போது, சொன்னவர் யார், சிதைவு கிடைத்ததா, இழந்த தரப்பு ஒப்புக்கொண்டதா என்பதை அதே பெட்டிக்குள் போடுங்கள். ஆறு மாதம் கழித்து உண்மை வெளியே வந்தால், முதல் நாள் செய்தி வந்த அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அதையும் போடுங்கள். மே மாதக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஒரத்தநாடு, தஞ்சாவூர் மாவட்டம்.