நோட்டீஸில் இன்னும் ஒரு வரி

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கபடிப் போட்டி நடத்தும் ஊர் விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் நோட்டீஸ்களை விடாமல் படிப்பவன் நான். டீக்கடைச் சுவரிலோ பஸ் நிறுத்தத்திலோ எங்கே ஒட்டியிருந்தாலும் நின்று முழுவதும் வாசித்துவிட்டுத்தான் நகர்வேன். எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம், ஆளுயரக் கோப்பை, முதல் பரிசு யார் உபயம், இரண்டாம் பரிசு யார் உபயம். அடியில் விதிமுறைகள். நடுவர் தீர்ப்பே இறுதியானது. பிறகு எழுத்து சிறுத்துப்போய்க் கடைசியில் ஒன்று: 'விளையாடும்போது ஏற்படும் காயங்களுக்கு முதலுதவி மட்டுமே அளிக்கப்படும், விழாக் குழு பொறுப்பல்ல.'

அந்த வரியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதற்கு மேலே இன்னொன்றைச் சேர்க்கச் சொல்கிறேன்: 'பல்கவசம் அணியாத வீரர் களம் இறங்க அனுமதி இல்லை.'

நான் பல் மருத்துவன். அதற்கு முன்பு கபடியில் இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவனாக ஆடியவன். பதினேழு வயதில், ஒரு மாட்டுப் பொங்கல் மாலையில், 'கபடி, கபடி' என்று பாடி வந்தவரின் கணுக்காலுக்குப் பாய்ந்தேன். பிடி கிடைத்தது. அவருடைய மறுகாலின் குதிகால் என் வாயில் வந்து இறங்கியது. புள்ளி எங்களுக்குத்தான். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு மண்ணில் கிடந்தது. யாரோ ஒருவர் அதை எடுத்து, துண்டால் அழுத்தித் துடைத்து, காகிதத்தில் மடித்து என் அண்ணனின் சட்டைப்பையில் வைத்தார். நல்ல மனத்தோடு செய்ததுதான். இரண்டு பஸ் மாறி மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார்.

அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது கல்லூரிக்குப் போனபிறகுதான் புரிந்தது. வேரின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. எலும்போடு பல்லைப் பிணைத்து வைப்பது அதுதான். துண்டால் துடைத்ததில் அதில் பாதி போயிருக்கும், காகிதத்தில் காய்ந்ததில் மீதியும் போயிருக்கும். பல்லை அதன் வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடித்து, மண் ஒட்டியிருந்தால் ஒருமுறை அலசி, விழுந்த குழியிலேயே திரும்ப வைத்து, மேலே துணியைக் கடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் துணிவில்லை என்றால் குளிர்ந்த பாலில் போட்டுக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். டீக்கடை இல்லாத கபடித் திடல் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது? அரை மணி நேரத்துக்குள் போனால் நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டால் பல் நிலைப்பது அரிது. பால்பல்லாக இருந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. உங்கள் வர்ணனையாளர் மைக்கில் எத்தனையோ சொல்கிறார், இதையும் ஆட்டத்துக்கு இடையே இரண்டு முறை சொல்லட்டும்.

சின்ன வயதில் விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்தோம், முளைத்தது. பதினேழில் விழுந்ததை எந்தக் கூரையில் எறிந்தாலும் முளைக்காது. இன்று என் வாயில் இருப்பது மூன்றாவது செயற்கைப் பல். முதல் இரண்டும் தேய்ந்தும் உடைந்தும் போயின. அந்த ஒரு புள்ளிக்கு இன்னமும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பல்கவசம் என்பது பெரிய வித்தை இல்லை. மேல்வரிசைப் பற்களின்மேல் கச்சிதமாக உட்காரும் நெகிழ்வான பிளாஸ்டிக் உறை, முன்பக்கம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன். வரும் அடியை ஒரே பல்லில் இறங்கவிடாமல் பரப்பிவிடும். உதடு பல்லில் மோதிக் கிழிவதையும் குறைக்கும். 1890இல் லண்டனில் உல்ஃப் க்ராஸ் என்ற பல் மருத்துவர் குத்துச்சண்டைக்காரர்களுக்காக இதைக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினில் செய்தார். வேர்ச் சிகிச்சையில் நாங்கள் இன்றும் அடைப்பது அதே பிசினைத்தான். தலையில் அடிபட்டு மூளை அதிர்வதை இது தடுக்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. பல்லைக் காக்கும், அதுவே எனக்குப் போதும்.

விதியாக எதற்கு, அறிவுரை சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். சர்வதேச ஹாக்கி விதிப்புத்தகம் வாய்க்கவசம் அணியும்படி பரிந்துரை மட்டும் செய்கிறது. என் நாற்காலியில் உட்காரும் ஹாக்கிப் பிள்ளைகள் அந்தப் பரிந்துரையைக் கேள்விப்பட்டதே இல்லை. நியூசிலாந்து ரக்பியில் கதை வேறு. அங்கே முதலில் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், பிறகு 1998இல் உள்நாட்டு ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பல்கவசம் கட்டாயம் ஆனது. 1995க்கும் 2003க்கும் இடையில் ரக்பியால் பல் உடைந்ததாக வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன.

நம் ஊருக்கு விதி தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தனி ஒருவன் மட்டும் கவசம் போட்டு இறங்கினால், 'என்னடா, பல் செட்டா?' என்று எதிரணி மட்டுமல்ல, சொந்த அணியே சிரிக்கும். அதற்குக் கூச்சப்பட்டே கழற்றி வைத்துவிடுகிறான். பதினான்கு பேரும் போட்டிருந்தால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இதற்கு முன்மாதிரி உங்கள் ஆட்டத்திலேயே இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் வரிசையாக நிற்க வைத்து நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார், உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறதா என்று பார்க்கிறார், கையில் மோதிரம் கிடந்தால் கழற்றச் சொல்கிறார். அதோடு சேர்த்து ஒருமுறை வாயைத் திறக்கச் சொன்னால் முடிந்தது. நகம் எதிராளியைக் கீறும் என்பதால்தானே அந்தச் சோதனை? பல்லும் அப்படித்தான். முன்பல் குத்தி நெற்றி கிழிந்தவர்களுக்குத் தையல் போட்ட எந்த மருத்துவரையும் கேட்டுப் பாருங்கள்.

'வாயில் அதை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது?' என்று பயிற்சியாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாட்டு தெளிவாகக் கேட்காவிட்டால் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். பள்ளியில் படித்த இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். க அடிநாவில் பிறக்கிறது, ப உதடுகள் பொருந்தி. இவ்விரண்டுக்கும் கவசம் பெரிய தடையில்லை. நுனிநா மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும் ட மட்டுமே சங்கடம். ஆகவே அண்ணத்துப் பக்கம் கவசம் குட்டையாக, மெல்லியதாக இருக்க வேண்டும். வாய்க்கு அச்செடுத்துச் செய்தால் இது எளிது. வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் வகையையும் உள்பக்கம் ஓரளவு வெட்டிக்கொள்ளலாம். எந்த அளவும் இல்லாமல் அப்படியே வாயில் திணிக்கும் வகையை மட்டும் வாங்காதீர்கள். அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டே பாட வேண்டியிருக்கும், மூச்சும் முட்டும். எதுவானாலும் போட்டி நாளன்று முதன்முதலாகப் போடக் கூடாது. இரண்டு வாரம் பயிற்சியில் போட்டு ஓடினால் நாக்கு பழகிவிடும்.

காசு? வெந்நீர் வகை சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. அச்செடுத்துச் செய்வது கூடுதல்தான். ஆனால் உங்கள் நோட்டீஸில் பந்தலுக்கு உபயம் இருக்கிறது, மைக்செட்டுக்கு உபயம் இருக்கிறது, வாணவேடிக்கைக்குக் கூட இருக்கிறது. 'பல்கவசம் உபயம்' என்று போட ஊரில் ஒரு மளிகைக்கடைக்காரர் அகப்படமாட்டாரா? கோப்பையின் உயரத்தில் ஓரடியைக் குறைத்தாலே ஓர் அணிக்கு வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து வேறொரு கேள்வியோடும் தாய்மார்கள் வருகிறார்கள். பையன் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறான், இதையே இரவிலும் போட்டுவிடலாமா? வயிற்றில் பூச்சி என்று நினைத்து மருந்து கொடுத்துப் பார்த்த பிறகுதான் பெரும்பாலும் வருகிறார்கள். வேண்டாம் அம்மா. இரவுக் கவசம் வேறு. பெரியவர்களுக்கு அதைக் கடினமான அக்ரிலிக்கில், கடிக்கு ஏற்றபடி தேய்த்துச் செய்வோம். பிள்ளைகளில் பலருக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும். பல் தேய்வது கண்ணுக்குத் தெரிந்தால் அழைத்து வாருங்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் இரண்டு கபடி அணிகளும் தங்கம் வென்றன. அவற்றில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் ஆடினார்கள். அதிலிருந்து எங்கள் பக்கத்துத் திடலில் மாலையில் கூடும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. முன்பற்கள் முளைத்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கும்.

மார்கழி பிறந்ததும் உங்கள் நோட்டீஸ் அச்சகத்துக்குப் போய்விடும். அதற்கு முன் எங்கள் வட்டாரத்தில் எந்தக் குழு அந்த ஒரு வரியைச் சேர்த்தாலும், அங்கே பதிவு செய்யும் அணிகளின் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கட்டணமின்றி அச்செடுத்துத் தருகிறேன். காலை உணவை முடித்துவிட்டு, பல் துலக்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய இடது கார்னர் ஆட்டக்காரன்