பேட்டரியை உடனே மாற்றித் தர ஏன் மறுக்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயில் தொடங்கிய நாள்முதல் எங்கள் வேலூர்க் கடைக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே குறையோடு வருகின்றன. சார்ஜ் நிற்கவில்லை, ஹேங் ஆகிறது, நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொண்டுவருபவர்கள் தீர்வையும் கையோடு கொண்டுவருகிறார்கள். “பேட்டரியை மாற்றிக் கொடுங்கள்” என்கிறார்கள். இல்லையென்றால் “இதை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்று காட்டுங்கள்” என்கிறார்கள். நாங்கள் இப்போதெல்லாம் இரண்டையும் உடனே செய்வதில்லை. அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம், சோதிக்கிறோம், சிலரை ஒன்றும் மாற்றாமலேயே திருப்பி அனுப்புகிறோம். இதில் சிலருக்கு வருத்தம் இருப்பது எங்கள் காதுக்கு வந்தது. காரணத்தை விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

பிப்ரவரியில் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். காலையில் நூறு சதவீதம் ஏற்றினால் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்றார். போன் வாங்கி மூன்றாண்டு ஆகியிருந்தது. பேட்டரியாகத்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டி, மாற்றிக் கொடுத்துவிட்டோம். நான்காம் நாள் திரும்பி வந்தார். அதே குறை. அப்போதுதான் உட்கார்ந்து கேட்டோம். அவர் நிலம் மலையடிவாரத்தில். போனில் இரண்டு சிம். அதில் ஒன்றுக்கு அங்கே சிக்னலே கிடையாது. பகல் முழுவதும் அந்த சிம் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. சிக்னல் எட்டாத இடத்தில் போன் தன் ரேடியோவின் சக்தியைக் கூட்டிக் கூட்டித் தேடும். பேசாமல், பார்க்காமல் சட்டைப் பையில் கிடந்தாலும் சார்ஜ் கரையும். அந்த சிம்மை அணைத்து வைத்தோம். மாலைவரை நின்றது. பேட்டரிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் அணைக்கட்டிலிருந்து இரண்டு முறை பஸ் ஏறி வந்த அவருடைய நாட்களைத் திருப்பிக் கொடுக்க எங்களால் முடியவில்லை. அன்றிலிருந்து சோதிக்காமல் எந்த போனையும் திறப்பதில்லை.

வேகம் ஒன்று, சார்ஜ் ஒன்று, நெட் ஒன்று என்று மூன்றையும் நாம் தனித்தனியாக நினைக்கிறோம். போனுக்குள் இவை ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன.

முதலில் பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி வயதாகும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. கொள்ளளவு குறைகிறது, இது எல்லோருக்கும் தெரியும். உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதற்குப் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை, கூடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. நம் ஊர் மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குழாய்க்குள் உப்புப் படிந்து ஓட்டை சுருங்கிவிட்டது. ஒரு குழாயைத் திறந்தால் வரும். குளியலறையிலும் சமையலறையிலும் ஒரே நேரத்தில் திறந்தால் சொட்டும். பழைய பேட்டரியும் அப்படித்தான். செய்தி படிக்கும்வரை தாங்கும். கேமராவைத் திறந்து ஃபிளாஷ் அடிக்கும் நொடியில் போன் ஒரே மூச்சில் அதிக மின்னோட்டம் கேட்கும். பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரியும், போன் அணைந்துவிடும். திரையில் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைவது இதனால்தான். உங்கள் போன் இப்படிச் செய்தால் தயங்காமல் கொண்டுவாருங்கள். பேட்டரி மாற்ற வேண்டிய தெளிவான அறிகுறி அது.

இந்த அணைதலைத் தடுக்க ஒரு வழி, போனின் மூளையான புராசஸரின் வேகத்தையே குறைத்துவிடுவது. ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்ட, ஐபோனை இயக்கும் ஐஓஎஸ் 10.2.1 மென்பொருளில் இதைச் செய்தது. ஐபோன் 6, 6எஸ், எஸ்இ ஆகியவற்றில் பேட்டரி தளர்ந்திருந்தால் போன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் வாங்கியவர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பேட்டரி மாற்றியதும் பழைய வேகம் திரும்புவதைப் பயனர்கள் கவனித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில், போன்களின் வேகத்தை அளக்கும் மென்பொருளை உருவாக்கும் பிரைமேட் லேப்ஸ் நிறுவனத்தின் ஜான் பூல் வேகச் சோதனை எண்களைத் தொகுத்து வெளியிட்டார். பிறகுதான் ஆப்பிள் ஒப்புக்கொண்டது, மன்னிப்புக் கேட்டது, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020 பிப்ரவரியில் பிரான்சு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. வேகத்தைக் குறைத்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பேட்டரியை மாற்றினால் போதும் என்ற உண்மை தெரியாமல் புதிய போன் வாங்கியவர்களின் பணம் என்ன ஆவது என்பதுதான் எங்கள் கேள்வி. சோதனையின் முடிவை உங்கள் கண்முன்னே காட்டுவது என்று நாங்கள் வைத்திருக்கும் வழக்கத்துக்கு இந்தச் செய்தியும் ஒரு காரணம்.

அடுத்தது வெயில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வயதைவிட வெயில்தான். 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்தினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. மே மாதத்தில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. வெயிலில் நிறுத்திய கார், பைக்கின் கைப்பிடியில் மாட்டிய போன், தகரக் கூரையின் கீழ் சார்ஜில் கிடக்கும் போன் ஆகியவற்றின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். லித்தியம் பேட்டரியைப் பற்றிப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. 40 டிகிரியில் ஓராண்டு வைத்திருந்தால், 40 சதவீதம் சார்ஜில் இருந்த பேட்டரியில் 85 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். முழு சார்ஜில் இருந்ததில் 65தான் மிஞ்சும். வெப்பமும் முழு சார்ஜும் சேர்வதுதான் ஆகாது. இரவெல்லாம் தலையணைக்கு அடியில் சார்ஜில் போடுவது சரியா என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. சார்ஜ் நிறைந்ததும் போன் தானாக நிறுத்திக்கொள்ளும், அதில் பயமில்லை. சூட்டை வெளியே விடாத தலையணைதான் பிரச்சினை. பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. கேட்டால் அமைத்துத் தருகிறோம்.

வெப்பம் வேகத்தையும் உடனே பாதிக்கிறது. போன் சூடேறினால் புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மதியம் ஹேங் ஆகும் போன் இரவில் நன்றாக ஓடுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் போனில் இல்லை. உணவு கொண்டுசெல்லும் தம்பிகள் இதனால் படும் பாட்டைப் பார்க்கிறோம். வரைபடம் திறந்தபடி, திரை முழு ஒளியில், சார்ஜர் செருகியபடி, உச்சி வெயிலில் பைக்கில் ஓடும் போனுக்கு இதைவிடக் கடுமையான வாழ்க்கை கிடையாது. அவர்கள் தடித்த உறையைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நல்லது. சார்ஜரைக் கிளம்புவதற்கு முன்பே போட்டு முடித்துவிடுவது இன்னும் நல்லது.

நெட் வேகத்தைப் பற்றித்தான் நாங்கள் மிகுதியாக விளக்க வேண்டியிருக்கிறது. கடையில் ஒரு சோதனை செய்து காட்டுவோம். ஒரே வைஃபையில் உங்கள் போனையும் எங்களிடம் உள்ள புதிய போனையும் வைத்து, ஒரே செய்தித்தளத்தைத் திறப்போம். புதியதில் உடனே வரும். உங்களுடையதில் சுற்றும். இணைப்பு ஒன்றுதான், ஆகவே குற்றம் சிம் நிறுவனத்துடையது அல்ல. பக்கத்தின் எடையைப் பாருங்கள். தமிழில் ஓர் எழுத்துக் குறியீட்டுக்கு 3 பைட் என்று கணக்கிட்டால், ஆயிரம் சொல் கட்டுரை ஒன்று ஏறத்தாழ 25, 30 கிலோபைட்தான். இன்று சராசரி இணையப் பக்கமோ 2 எம்பிக்கும் மேல். மிச்சமெல்லாம் படங்கள், விளம்பரங்கள், நீங்கள் எங்கே விரல் வைத்தீர்கள் என்று கண்காணிக்கும் நிரல்கள். படம் வந்து சேர்ந்தால் போதும். நிரல் வந்தபின் அதைப் பிரித்து, புரிந்துகொண்டு, ஓட்ட வேண்டும். அந்த வேலை உங்கள் புராசஸரின் தலையில், பெரும்பாலும் அதற்குள் இருக்கும் பல கருக்களில் (கோர்) ஒரே ஒன்றின் தலையில் விழுகிறது. புராசஸர் உழைக்க உழைக்கச் சூடு ஏறுகிறது, சார்ஜ் இறங்குகிறது, சூடு ஏறியதால் வேகம் இன்னும் குறைகிறது. மூன்று குறைகளும் ஒன்றாக வருவது இப்படித்தான்.

ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் போட்டு அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேர்த்தால் பழைய போன்கூட மூச்சு விடும். இலவசம்தான், நாங்களே போட்டுத் தருகிறோம். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. விளம்பர வருவாயை நம்பி நடக்கும் சிறிய தமிழ்த் தளங்கள், நீங்கள் நாள்தோறும் விரும்பிப் படிப்பவை, அவற்றுக்கு மட்டும் தடுப்பை நீக்கி வையுங்கள்.

குரோமில் இன்னொரு தொல்லை. ஏதோ ஒரு தளம் “அறிவிப்புகளை அனுமதிக்கவா” என்று கேட்டபோது தெரியாமல் “அனுமதி” தொட்டிருப்பீர்கள். அதன்பிறகு பரிசு விழுந்தது, போனில் வைரஸ் என்று நாள் முழுவதும் அறிவிப்பு வரும். அது பெரும்பாலும் வைரஸ் இல்லை. குரோமின் அமைப்புகளில் அந்தத் தளங்களை நீக்கினால் போதும், இரண்டு நிமிட வேலை. இந்த அறிவிப்பைக் கண்டு பயந்து போனில் “கிளீனர்” செயலி (ஆப்) போடுகிறவர்கள் தொல்லையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். அந்தச் செயலியே பின்னணியில் ஓடி சார்ஜைத் தின்னும், தானும் விளம்பரம் காட்டும். திறந்த செயலிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுவதும் வீண் வேலை. 2016இல், அப்போது கூகுளில் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியும் அதனால் பேட்டரிக்குப் பயன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூடிய செயலியை மீண்டும் முதலிலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் சக்தி செலவாகும்.

சேமிப்பிடம் நிறைந்த போன் கட்டாயம் தடுமாறும். போனுக்குள் இருக்கும் நினைவகம், எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாத வகை. ஒரு தொகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுதும். காலி இடம் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் இருப்பதை நகர்த்தி இடம் பண்ண வேண்டும். வீட்டில் எள் விழ இடமில்லாதபோது ஒரு நாற்காலியை எடுக்க எல்லாவற்றையும் நகர்த்துவதுபோல. எங்கள் மேசைக்கு வரும் பெரியவர்களின் போன்களை நிறைத்திருப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த காலை வணக்கப் படங்களும் காணொளிகளும்தான். வாட்ஸ்அப் அமைப்புகளில் “சேமிப்பகம்” பகுதியில் பெரிய கோப்புகளைப் பார்த்து அழிக்கலாம். பேரப்பிள்ளைகளின் படங்களை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு அழியுங்கள். அவசரத்தில் அழித்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறோம்.

சார்ஜ் மிச்சமாகும் என்று பலர் வைக்கும் கறுப்புப் பின்னணி (டார்க் மோட்), கறுப்புப் புள்ளிகள் ஒளிராமல் அணைந்திருக்கும் ஓஎல்இடி திரையில் மட்டும் பயன் தரும், அதுவும் ஒளியைக் கூட்டி வைத்திருந்தால். பின்விளக்கு எப்போதும் எரியும் எல்சிடி திரையில் கண்ணுக்கு இதமே தவிர, சார்ஜுக்குப் பலன் இல்லை.

இத்தனை பார்த்தபின்னும் புதிய போன்தான் வேண்டும் என்ற நிலை வரலாம். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போனில் வங்கிச் செயலி வைத்திருப்பவர்களுக்கு நாங்களே புதிதை வாங்கச் சொல்வோம். அப்போது பெட்டியில் “8+8 ஜிபி ரேம்” என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். இரண்டாவது எட்டு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்குவது. உண்மையான ரேமின் வேகம் அதற்குக் கிடையாது. பேட்டரி வாங்கும்போதும் எண்ணில் ஏமாறாதீர்கள். 4000 எம்ஏஎச் (கொள்ளளவைக் குறிக்கும் அளவு) பேட்டரி இருக்க வேண்டிய அதே அளவுக் கூட்டில் 7000 என்று அச்சிட்டிருந்தால் அது போலி.

இனி கடையின் நடைமுறை. சோதனைக்குக் கட்டணம் இல்லை. சார்ஜிங் பின்னில் அடைந்த தூசியை முதலில் எடுப்போம், பலருக்கு அதோடு சரியாகிவிடுகிறது. பிறகு மீட்டரில் வைத்து, போன் எவ்வளவு மின்னோட்டம் ஏற்கிறது, திரை அணைந்திருக்கும்போது எவ்வளவு செலவழிக்கிறது என்று காட்டுவோம். எந்தச் செயலி எவ்வளவு தின்கிறது என்பதை உங்கள் போனின் பேட்டரிப் பக்கத்திலேயே சேர்ந்து பார்ப்போம். ரகசிய எண்ணை எங்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களே திறந்து கொடுங்கள். மாற்ற வேண்டும் என்றால் பழைய பேட்டரியை உங்களுக்குக் காட்டிவிட்டு, முறையாகச் சேகரிப்பவர்களிடம் ஒப்படைப்போம். வீட்டில் கிடக்கும் பழைய பேட்டரிகளையும் கொண்டுவந்து கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

பின்மூடி தூக்கிக்கொண்டோ திரை பிதுங்கியோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். போனை அணைத்து, வெயில் படாமல் எடுத்துக்கொண்டு நேராக வாருங்கள். அப்படிப்பட்ட போனுக்கு வரிசை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரையிலும் கடையில் ஒருவர் இருப்பார்.

அன்புடன்,
உங்கள் போன் பழுதுபார்ப்புக் கடையினர்,
வேலூர்